சாரத்தைப் பிரிக்காமல் மண்ணில் புதைத்த கதை: ப்ராமன்டரி பள்ளத்திலிருந்து உப்பு ஏரி வரை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பெரிய உப்பு ஏரிக்கு வடக்கே ப்ராமன்டரி என்றொரு மலைத்தொடர். அதன் கிழக்குச் சரிவில் ஓர் ஓடைப் பள்ளம். பள்ளத்தின் குறுக்கே ஒரு மண்கரை இன்றும் நிற்கிறது. அதன் மேல் ஏறி நடந்து போகலாம். பக்கத்திலேயே இன்னொரு ரயில் தடம் பள்ளத்தின் விளிம்பு வரை வந்து சட்டென்று நின்றுவிடும். எதிர்ப்பக்கம் பார்த்தால் மறுபடி தொடங்கும். நடுவில் ஒன்றும் கிடையாது. 1869-ல் அந்த இடைவெளியில் ஒரு மரப்பாலம் நின்றது.

மண்கரை சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் வேலை, மரப்பாலம் யூனியன் பசிபிக்கின் வேலை. ஒரே பள்ளம், ஒரே வருடம், இரண்டு கம்பெனி, இரண்டு விடை. அமெரிக்க ரயில்வேக்கள் மரப்பாலங்களைக் கைவிட்டு ஏன் மண்ணைக் கொட்டின என்று கேட்பவருக்கு இதைவிடச் சுத்தமான கேஸ் அமையாது.

ஒரு சொல்லை மட்டும் முதலில் தீர்த்துவிடுவோம். இப்படிப்பட்ட மரப்பாலத்தை ஆங்கிலத்தில் ட்ரெஸ்டில் என்பார்கள்: வளைவோ தொங்கலோ இல்லாத, கால் வைத்த பாலம். நான்கைந்து மரக்கால்களை வரிசையாக நட்டு, தலையில் ஒரு உத்திரத்தைப் போட்டு, குறுக்கே பெருக்கல் குறி போலச் சட்டம் அடித்தால் ஒரு வரிசை. பதினைந்து அடி தள்ளி அடுத்த வரிசை. வரிசைக்கு வரிசை நீளவாட்டில் கட்டைகள், அதன் மேல் ஸ்லீப்பர், அதன் மேல் தண்டவாளம். தூரத்திலிருந்து பார்த்தால் நம் ஊரில் கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரியே இருக்கும். இந்த உவமையைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். இதைத் தமிழில் மரக்கால் பாலம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஒரு பள்ளம், இரண்டு அவசரம்

1869-ன் தொடக்கத்தில் கிழக்கேயிருந்து யூனியன் பசிபிக்கும் மேற்கேயிருந்து சென்ட்ரல் பசிபிக்கும் நாட்டைக் குறுக்கே இணைக்கும் ரயில் பாதையைப் போட்டபடி ஒன்றையொன்று நோக்கி வந்துகொண்டிருந்தன. எங்கே சந்திப்பது என்று ஏப்ரல் வரை யாரும் முடிவு செய்யவில்லை. போட்ட ஒவ்வொரு மைலுக்கும் அரசாங்கம் கடன் பத்திரம் கொடுத்தது: சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், இடைப்பட்ட மேட்டுநிலத்தில் 32,000, மலையில் 48,000. நிலமும் கொடுத்தது. எத்தனை மைல் முந்துகிறாயோ அத்தனை காசு. அதனால் இரண்டு கம்பெனியின் மண்வேலை ஆட்களும் சந்தித்த பிறகும் நிற்காமல், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாதையை வெட்டிக்கொண்டு ஒருவரையொருவர் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். ப்ராமன்டரி சரிவில் இரட்டைத் தடம் இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

சென்ட்ரல் பசிபிக் பிப்ரவரியில் மண்கரை வேலையைத் தொடங்கியது. உள்ளூர் மார்மன் சமூகத்து ஒப்பந்தக்காரர்கள் எடுத்துச் செய்த வேலை. சுமார் 500 ஆட்கள், 250 ஜோடி வண்டிமாடு, குதிரைகள், ஏறக்குறைய இரண்டு மாதம். நீளம் சுமார் 500 அடி. இயந்திரம் ஒன்றும் கிடையாது. மண்வெட்டி, கைவண்டி, கவிழ்க்கும் மாட்டுவண்டி, பாறை வந்தால் கருமருந்து.

யூனியன் பசிபிக்குக்கு அந்த இரண்டு மாதம் இல்லை. மார்ச் 28-ல் மரவேலையைத் தொடங்கி மே 5-ல் முடித்தார்கள். சுமார் 400 அடி நீளம், 85 அடி உயரம், முப்பத்தெட்டு நாள். ஐந்து நாள் கழித்து, மே 10-ல், ப்ராமன்டரி உச்சியில், இரண்டு பாதையும் இணைந்ததற்காகத் தங்க ஆணி அடிக்கும் விழா. கிழக்கேயிருந்து வந்த கம்பெனிப் பெரிய மனிதர்களின் ரயில் இந்தப் புதுப் பாலத்தைக் கடந்துதான் விழாவுக்குப் போயாக வேண்டும். விழாவுக்கு முன் அதைப் பார்த்த ஒரு பத்திரிகை நிருபர், உருட்டு மரங்களும் ஏழு அங்குல ஆணிகளும் ஓடும் ரயிலைத் தாங்கும் என்று நம்பியிருக்கிறார்களே, பார்க்கிற பயணிக்கு நெஞ்சு நடுங்கும் என்ற பொருளில் எழுதி அனுப்பினார். அவர் மிகைப்படுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை. அதே நாட்களில், இன்னும் கிழக்கே, வெபர் கணவாயில் டெவில்ஸ் கேட் மரப்பாலத்தின் அடிக்கால்களை மழைவெள்ளம் அரித்துவிட்டது. எஞ்சின் டிரைவர் மேலே ஏற மறுத்துவிட்டார். பெட்டிகளை மட்டும் மெதுவாகத் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் ஆக்டன் ஊரிலிருந்து வேறு எஞ்சினை வரவழைத்து மாட்டினார்கள் என்று சொல்வார்கள். அப்படி மாட்டிய 119-ஆம் எண் எஞ்சின்தான் தங்க ஆணிப் புகைப்படத்தில் நிற்பது.

விழா முடிந்தது. ப்ராமன்டரியிலிருந்து ஆக்டன் பக்கம் வரையிலான பாதை பேச்சுவார்த்தைப்படி சென்ட்ரல் பசிபிக் கைக்கு வந்தது. ஓடிக்கொண்டிருந்த மரப்பாலம் ஒன்று, தண்டவாளமே போடாத மண்கரை ஒன்று, இரண்டும் இப்போது ஒரே கம்பெனியிடம். அவர்கள் தண்டவாளத்தைப் பிடுங்கி மண்கரை மேல் போட்டுக்கொண்டார்கள். மரப்பாலம் அத்தோடு தீர்ந்தது.

புத்தம் புதுப் பாலத்தை ஏன் விட்டார்கள்?

யானையைக் கட்டித் தீனி போடுவது

மரம் வாங்கும்போது மலிவு, வைத்துக் காப்பாற்றும்போதுதான் கை கடிக்கும். மருந்து ஏற்றாத மரத்துக்கு வெயிலிலும் மழையிலும் ஆயுள் சுமார் எட்டு முதல் பன்னிரண்டு வருடம். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உளுக்காது. எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிற கால் பல தலைமுறைக்கு நிற்கும். எப்போதும் காய்ந்து நிற்கும் மரமும் பிழைத்துக்கொள்ளும். கெடுவது இரண்டுக்கும் நடுவில்: கால் மண்ணுக்குள் இறங்குகிற இடம், உத்திரம் காலின் தலையில் உட்காரும் மூட்டு, போல்ட்டுக்குத் துளைத்த ஓட்டை. ஈரம் புகுந்தால் வெளியேற முடியாத இடங்கள்.

இதைச் சோதிக்க வருபவர் கையில் ஒரு சுத்தியலும் கூரான கம்பியும் இருக்கும். ஒவ்வொரு காலாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல மரம் கணீரென்று திருப்பிச் சொல்லும். உள்ளே போனது பொத்தென்று ஒலிக்கும். சந்தேகமிருந்தால் துளை போட்டு, வெளியே வரும் தூளைக் கையில் வைத்துப் பார்ப்பார். வெளித்தோல் இரண்டு அங்குலம் கெட்டியாக இருக்க, நடுமரம் மாவாகிப் போயிருப்பது சர்வசாதாரணம். 400 அடிப் பாலத்தில் பதினைந்து அடிக்கு ஒரு வரிசை என்றால் இருபத்தைந்துக்கு மேல் வரிசை. வரிசைக்கு நான்கைந்து கால். உயரமான பாலத்தில் ஒரு கால் மேல் இன்னொரு கால் என்று அடுக்கடுக்காக மூட்டுகள். மூட்டுக்கு மூட்டு ஏறித் தட்ட வேண்டும். கெட்ட காலை மாற்றும்போது மேலே ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். மாற்றி முடிப்பதற்குள் முதலில் மாற்றியது பழசாகிவிடும்.

அடுத்தது தீ. நீராவி எஞ்சினின் சாம்பல் பெட்டியிலிருந்து கங்கு கொட்டும், புகைபோக்கியிலிருந்து பொறி பறக்கும். கோடையில் காய்ந்து கிடக்கும் ஸ்லீப்பர் இடுக்கில் ஒரு கங்கு உட்கார்ந்தால் போதும். அதனால் மரக்கால் பாலங்களில் சின்னச் சின்ன மேடை நீட்டி, அதில் தண்ணீர்ப் பீப்பாயும் வாளியும் வைத்திருப்பார்கள். பெரிய பாலமென்றால் காவலாள் உண்டு. ரயில் போன பிறகு அவர் நடந்து போய்ப் பார்த்து வர வேண்டும். கட்டைகளின் தலையில் தகரம் அடித்தார்கள். பின்னால் பலகைத் தளம் போட்டு அதன் மேல் ஜல்லி பரப்பினார்கள். எல்லாம் செலவுதான். பீப்பாயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே ஒரு சம்பளம்.

பெரிய பாலம்தான் ஆபத்து என்று நினைத்துவிட வேண்டாம். 1887 ஆகஸ்ட் 10, இலினாய் மாநிலம் சாட்ஸ்வர்த் ஊருக்குப் பக்கத்தில், ஓடை என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு வாய்க்கால் மேல் பதினைந்தடி நீளத்தில் ஒரு குட்டி மரப்பாலம். வறண்ட கோடை. தீ பரவாமலிருக்கத் தண்டவாள ஓரப் புல்லை அன்று பகலில் ரயில்வே ஆட்களே எரித்திருந்தார்கள். அணைந்துவிட்டது என்று நினைத்துப் போன நெருப்பு மரத்தில் பிடித்துக்கொண்டது. நள்ளிரவில் நயாகரா அருவி பார்க்கக் கூட்டம் ஏற்றிக்கொண்டு இரட்டை எஞ்சின் போட்ட ஒரு நீள ரயில் வந்தது. முதல் எஞ்சின் தாண்டிவிட்டது. இரண்டாவது தாண்டும்போது பாலம் போய்விட்டது. பின்னாலிருந்த மரப்பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டதில் 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தாண்ட வேண்டிய உயரம் ஆறடியோ என்னவோ. அந்த இடத்தில் ஒரு கல்வர்ட்டும் (கரைக்கு அடியில் தண்ணீர் போக விடும் வழி) நாலு வண்டி மண்ணும் இருந்திருந்தால் புல் எரிந்ததோடு போயிருக்கும்.

மூன்றாவது, எடை. 1869-ல் ப்ராமன்டரி உச்சியில் எதிரெதிராக நின்ற எஞ்சின்கள் ஒவ்வொன்றும் சுமார் 30 டன். 1941-ல் ஆக்டனிலிருந்து கிழக்கே மலையேறிய பிக் பாய் எஞ்சின், கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டியையும் சேர்த்து, சுமார் 540 டன். இத்தனை ஏற்றமும் எழுபத்திரண்டு வருடத்துக்குள் நடந்தது. மரக்கால் பாலத்தைக் கட்டும்போது எந்த எஞ்சினுக்குக் கணக்குப் போட்டார்களோ அந்த எஞ்சின் பத்திருபது வருடத்தில் காயலான் கடைக்குப் போய்விடும். புதிதாக வந்தது பாலத்தில் தவழ்ந்துதான் போக முடியும். வேகக் கட்டுப்பாடு என்பது பயணிக்கு எரிச்சல், கம்பெனிக்கோ நேரடி நஷ்டம். நாளொன்றுக்கு ஓட்டக்கூடிய ரயிலின் எண்ணிக்கையே குறைந்துவிடும். மண்கரைக்கு இந்தத் தலைவலி இல்லை. கனமான எஞ்சின் வந்தால் கரை இன்னும் கொஞ்சம் அமுங்கும். கேங்மேன் வந்து ஜல்லியை இடித்துத் தண்டவாளத்தைத் தூக்கிவிட்டுப் போவார்.

இதையெல்லாம் 1869-லேயே தெரியாதவர்கள் இல்லை யூனியன் பசிபிக் எஞ்சினியர்கள். அவர்களிடம் இல்லாதது நேரம்.

சாரம்

மரக்கால் பாலத்தைத் தப்பான வேலை என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. ரயில் இல்லாத காட்டில் மண்கரை கட்டுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். மண் ஒரு மைல் தள்ளியிருந்தால் ஒவ்வொரு கூடையும் அந்த ஒரு மைல் மாட்டுவண்டியில் வர வேண்டும். மரமோ பக்கத்து மலையிலேயே நிற்கிறது. வெட்டு, நடு, ஆணியடி, ரயிலை விடு. ரயில் ஓடத் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிவிடும். இப்போது அதே தண்டவாளத்தில் முப்பது பெட்டி மண்ணை ஒரே நடையில், இருபது மைல் தள்ளியிருந்தும் கொண்டுவரலாம். கொண்டுவந்த மண்ணைக் கொட்ட உயரமான மேடை வேண்டுமே? அந்த மேடைதான் மரப்பாலம். மேலே நின்று இரண்டு பக்கமும் கவிழ்த்துக்கொண்டே வந்தால் கால்களைச் சுற்றி மண் ஏறும். கடைசியில் தண்டவாளம் இருந்த இடத்திலேயே இருக்கும், கீழே மரத்துக்குப் பதில் மண் இருக்கும். ஒரு ரயிலையும் ரத்து செய்ய வேண்டியதில்லை.

அதனால்தான் சாரம் என்றேன். நம் கொத்தனார் வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவார். இவர்கள் பிரிக்காமல் உள்ளேயே விட்டுப் புதைத்தார்கள். அமெரிக்காவின் பல பழைய மண்கரைகளுக்குள் முழு மரப்பாலம் ஒன்று நின்ற கோலத்தில் இருக்கிறது.

சென்ட்ரல் பசிபிக்கின் இன்னொரு இடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம், ஒரு புகைப்படத்தின் உபயத்தில். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், கோல்ஃபாக்ஸுக்கு மேலே, சீக்ரெட் டவுன் என்ற இடத்தில் சுமார் 1,100 அடி நீள மரக்கால் பாலம் இருந்தது. 1877-ல் அதை மூடினார்கள். கார்ல்டன் வாட்கின்ஸ் எடுத்த படத்தில் பாலம் பாதி வெளியே நிற்கிறது. சுற்றிலும் சீனத் தொழிலாளர்கள், கைவண்டிகள், ஒற்றைக் குதிரை பூட்டிய கவிழ்ப்பு வண்டிகள். இந்த ரயிலைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் சீனர்கள்தான். தங்க ஆணி விழாவின் பிரபலமான படத்தில் அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். பாலத்தை மூடும் இந்தப் படத்தில் மட்டும் அவர்களே முழுக்க நிறைந்திருக்கிறார்கள்.

பின்னால் கருவிகள் வந்தன. நீராவி மண்வாரி இயந்திரம் வெட்டி ஏற்றும். தட்டைப் பெட்டிகள் வரிசையாகப் பாலத்தின் மேல் வந்து நிற்கும். கடைசிப் பெட்டியில் கலப்பை போல ஒரு பெரிய இரும்புத் தகடு, அதைக் கம்பிவடத்தால் முன்பக்கம் இழுத்தால் பெட்டிக்குப் பெட்டி தாவி, மேலே இருக்கும் மண்ணையெல்லாம் இரு பக்கமும் தள்ளிக்கொண்டே போய்விடும். ஒரு முழு ரயில் மண் சில நிமிடத்தில் காலி. மலைநாட்டில் இன்னொரு தந்திரம் செய்தார்கள். தங்கச் சுரங்கக்காரர்கள் மலையைக் கரைக்கப் பயன்படுத்திய நீர்ப்பீரங்கியை எடுத்து, பள்ளத்துக்கு மேலேயிருக்கும் சரிவைக் கரைத்து, சேறும் சரளையுமாக மரத்தொட்டியில் ஓடவிட்டுப் பாலத்தின் அடியில் நிரப்பினார்கள். 1890-களில் நார்தர்ன் பசிபிக் கேஸ்கேட் மலையிலும், கனேடியன் பசிபிக் தன் மலைப் பாதையிலும் இப்படி மூடிய பாலங்கள் உண்டு. தண்ணீரோடு வந்து படியும் மண் வண்டியில் கொட்டியதைவிட இறுக்கமாக உட்காரும்.

இறுகுவது சாதாரண விஷயமில்லை. நான் சில வருடம் ரோடு சைட்டில் நின்றவன். புதுப் பாலத்தின் இரு முனையிலும் பஸ் ஏன் ஒரு குலுக்குக் குலுக்குகிறது என்று பயணிகள் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். கான்கிரீட் அசையவில்லை, அதை ஒட்டிய மண் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ரோலர் போட்டு, அடுக்கடுக்காக இறுக்கிய மண்ணே இப்படி என்றால், அறுபதடி உயரத்திலிருந்து வெறுமனே கவிழ்த்த மண் எத்தனை வருடம் இறங்கும்! புதைந்த மரம் மெல்ல உளுத்து விட்டுவைக்கும் பொந்து வேறு. இங்கேதான் சாரம் வைத்த முறையின் இன்னொரு சாமர்த்தியம். மண் இறங்குகிற முதல் சில வருடம் ரயிலின் பாரத்தை உள்ளேயிருக்கும் மரம் பிடித்துக்கொள்ளும். மரம் போகிற காலத்தில் மண் கெட்டியாகியிருக்கும். ஒன்று ஓய்வு பெறும்போது மற்றது வேலைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் எல்லாப் பள்ளத்தையும் மண்ணால் மூட முடியாது. கரையின் மேல் அகலம் 16 அடி, இரு பக்கச் சரிவும் ஓரடி உயரத்துக்கு ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 அடி உயரக் கரையின் குறுக்குவெட்டு 920 சதுர அடி. 40 அடிக்கு 3,040. 80 அடிக்கு 10,880. உயரம் நாலு மடங்கு ஏறினால் மண் கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு. அடியில் 250 அடிக்கு மேல் அகலமாகிவிட்ட அந்தக் கரைக்குக் கீழே ஓடைக்கு அத்தனை நீளத்துக்குக் கல்வர்ட் வேறு கட்ட வேண்டும். ஆகவே குட்டையான, நடுத்தரமான பாலங்கள் மண்ணுக்குப் போயின, ரொம்ப உயரமானவை இரும்புக்குப் போயின. மொன்டானாவில் மேரன்ட் பள்ளத்தின் மேல் நார்தர்ன் பசிபிக் 1883-ல் 226 அடி உயரத்துக்கு மரப்பாலம் கட்டியது. இரண்டே வருடத்தில் அதை உலோகப் பாலமாக மாற்றினார்கள், மண்ணைப் பற்றி யாரும் பேசியிருக்க வாய்ப்பில்லை.

கல்வர்ட்டையும் சும்மா சொல்லவில்லை. மரப்பாலத்துக்குக் கீழே வெள்ளம் எவ்வளவு வந்தாலும் இடம் இருக்கும். அடித்து வரும் மரங்கள் கால்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும் என்பது வேறு பயம். மண்கரையில் தண்ணீர் போக நீ எவ்வளவு ஓட்டை விட்டாயோ அவ்வளவுதான். அதைக் குறைத்துப் போட்டுவிட்டால் மழைநாளில் அது கரை இல்லை, அணை. அணையாக நிற்கத் தெரியாத அணை.

ஏரிக்குள் ஒரு பாலம்

ப்ராமன்டரி மண்கரை ஜெயித்தது சரி, ஆனால் அந்தப் பாதையே தோற்றது. ஏற்றமும் வளைவும் அதிகம். 1900-க்குப் பிறகு சதர்ன் பசிபிக் கம்பெனி (சென்ட்ரல் பசிபிக் அதற்குள் அதன் கையில்) மலையைச் சுற்றாமல் உப்பு ஏரியின் நடுவே நேராகப் போய்விடுவது என்று முடிவெடுத்தது. ஹாரிமன் முதலாளி, வில்லியம் ஹூட் தலைமை எஞ்சினியர். 1902-ல் தொடங்கிய வேலை 1903 நவம்பரில் முடிந்து, 1904 மார்ச்சில் போக்குவரத்து ஆரம்பித்தது. லூசின் குறுக்குவழி என்று பெயர். ஆக்டனிலிருந்து லூசின் வரை சுமார் 102 மைல். பழைய வழியைவிட ஏறக்குறைய 44 மைல் மிச்சம்.

இங்கேதான் கதை ஒரு முரண்டு பிடிக்கிறது. முப்பது வருடத்துக்கு முன்பே மரத்தை விட்டு மண்ணுக்கு மாறிய அதே கம்பெனி, இருபதாம் நூற்றாண்டில் ஏரியின் ஆழமான நடுப்பகுதியில் சுமார் 12 மைலுக்கு மரக்கால் பாலம் போட்டது. மண் தெரியாமல் இல்லை. இரண்டு கரையிலிருந்தும் ஆழம் குறைந்த இடம் வரை மண்ணும் கல்லும் கொட்டித்தான் போனார்கள். கொட்டக் கொட்ட ஏரித்தரை விழுங்கிக்கொண்டே இருந்தது. இன்று சரியாக இருக்கும் தண்டவாளம் நாளைக்குத் தண்ணீருக்குள். அடியில் களிமண் சேறு. ஆகவே நடுவில் 38,000-க்கும் மேற்பட்ட நீள மரங்களைச் சேற்றுக்குள் அடித்து இறக்கினார்கள். ஏரித் தண்ணீரைக் குடிக்க முடியாது, எஞ்சின் பாய்லருக்கும் ஆகாது. நல்ல தண்ணீர் ரயிலில் வர வேண்டியிருந்தது. ஆட்கள் தங்குவதற்குத் தண்ணீருக்கு மேலேயே மரக்கால் மேல் கொட்டகை.

மரம் இங்கே எதிர்பாராத ஒரு நன்மையையும் செய்தது. உப்பு அதை ஊறுகாய் போட்டுவிட்டது. பூஞ்சையும் வரவில்லை, புழுவும் வரவில்லை. எட்டுப் பத்து வருடத்தில் சாக வேண்டிய மரம் அரை நூற்றாண்டு நின்றது. 1990-களில் அந்த மரங்களைப் பிடுங்கி வீடு கட்டவும் மேசை செய்யவும் விற்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் கடைசியில் மண்ணுக்கே வந்தார்கள். கால் நன்றாக இருந்தாலும் மேலே ஒற்றைத் தண்டவாளம், ஏறிக்கொண்டே போகும் ரயில் எடை, வேகக் கட்டுப்பாடு, ஏரியில் புயலடித்தால் உப்புத் தண்ணீரின் அடி. சாதாரணத் தண்ணீர் அலையைவிட உப்பு அலைக்கு எடை அதிகம், அடி அதிகம். 1956-ல் பாலத்தின் ஒரு பகுதியில் தீயும் பிடித்தது. தண்ணீர் நடுவே நிற்கும் பாலம், ஆனாலும் எரிந்தது!

1955 முதல் 1959 வரை மாரிசன் நட்சன் கம்பெனி பழைய பாலத்துக்கு வடக்கே, ஒட்டினாற்போல் ஒரு கற்கரையைக் கட்டியது. ஏறக்குறைய 13 மைல், சுமார் 5 கோடி டாலர். 1902-ல் விழுங்கிய சேற்றை இந்த முறை முதலில் தோண்டி எடுத்துவிட்டு, அந்த அகழியில் மணலும் சரளையும் நிரப்பி, அதன் மேல் கல் அடுக்கினார்கள். கல்லைப் படகில் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். இங்கே மரப்பாலம் சாரமாகப் பயன்படவில்லை. கரை எழும்பும் வரை ரயிலை ஓட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றது. மண்கரைக்கு 1902-ல் குறை ஒன்றுமில்லை. அதைக் கட்டத் தேவையான தோண்டும் கப்பலும் கவிழ்க்கும் படகும் வரத்தான் ஐம்பது வருடம் பிடித்தது. ப்ராமன்டரி பழைய பாதையின் தண்டவாளத்தை அதற்கு முன்பே, 1942-ல், போருக்கு இரும்பு வேண்டுமென்று ஒரு சின்ன விழா நடத்திப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

தண்ணீர் கேட்ட கணக்கு

மரக்கால்களுக்கு நடுவே ஏரி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கற்கரை அதை இரண்டாகப் பிரித்தது. தண்ணீர் போய்வர விட்டது பதினைந்தடி அகலத்தில் இரண்டு கல்வர்ட். அத்தனை பெரிய ஏரிக்கு அது ஊசித்துளை. கரையில் கசிவது கொஞ்சம் உண்டு.

பெரிய ஆறுகள் மூன்றும், பேர், வெபர், ஜோர்டன், கரைக்குத் தெற்கேதான் ஏரியில் சேர்கின்றன. வடபாதிக்கு ஆறு இல்லை, வெயில் மட்டும் உண்டு. சில வருடத்தில் தெற்கு மட்டம் உயர்ந்து உப்பு குறைந்தது. வடக்கில் உப்பு கரைய இடமில்லாமல் தரையில் படிந்தது. அந்த உப்பில் உயிர்வாழத் தெரிந்த நுண்ணுயிரிகள் மட்டும் பெருகி வடக்குத் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கின. ஆகாயத்திலிருந்து பார்த்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரு பக்கம் நீலப்பச்சை, மறுபக்கம் ரோஜா நிறம். அந்தக் கோடு ரயில் பாதை.

1980-களின் தொடக்கத்தில் மழையும் பனியும் அளவு மீறின. தெற்கில் தண்ணீர் ஏறி வீடு, ரோடு, வயல் என்று நுழைந்தது. கரையைத் தாண்டி வடக்கே வடிய வழியில்லை. 1984 ஆகஸ்டில் மாநில அரசு கரையை வெட்டி, சுமார் 300 அடிக்கு வாய் திறந்துவிட்டது. மரப்பாலம் நின்ற காலத்தில் 12 மைல் அகலத்துக்குத் திறந்து கிடந்த வாய் அது.

இரண்டு கல்வர்ட்டும் சும்மா இருக்கவில்லை, சேற்றுக்குள் மெல்ல இறங்கிச் சேதமாகிக்கொண்டே போயின. 2012, 2013-ல் அவற்றை மூட வேண்டியதாயிற்று. அதற்குப் பதிலாக, சதர்ன் பசிபிக்கைப் பின்னால் வாங்கிக்கொண்ட யூனியன் பசிபிக், கற்கரையைத் திறந்து 180 அடி நீளத்தில் ஒரு பாலம் கட்டியது. 2016 டிசம்பரில் அதன் அடியில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. 1869-ல் மண்கரைக்கு நேரமில்லாமல் அவசரமாக மரப்பாலம் கட்டிய அதே கம்பெனி, நூற்றைம்பது வருடம் நெருங்கும்போது, கரைக்குள் பாலம் வைத்திருக்கிறது.

அந்தப் பாலத்தின் அடியில் ஒரு கல்வரப்பு போட்டிருக்கிறார்கள், எவ்வளவு தண்ணீர் எந்தப் பக்கம் போகலாம் என்று கட்டுப்படுத்த. ஏரி வற்றி, தெற்குப் பாதியின் உப்பு ஏறி, அங்கே வாழும் உப்பு இறாலுக்கும் அதைத் தின்ன வரும் லட்சக்கணக்கான பறவைகளுக்கும் ஆபத்து என்றான பிறகு, 2022-லும் 2023-லும் அந்த வரப்பை உயர்த்தினார்கள். வடக்கின் கனத்த உப்புத் தண்ணீர் தெற்கே வராமல் பிடித்து நிறுத்தத்தான் அந்த ஏற்பாடு. மேலே சரக்கு ரயில் வேகம் குறைக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.